பக்கத்திலேயே ஒரு தாதி

ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம், லாபிஸ் போன்ற சிற்றூர்களிலிருந்து இளையோர் பலர் வேலை தேடி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிடுகின்றனர். வீட்டில் தங்குவோர் முதியோர். இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் ஒரே நாள் மருந்தில் தீர்பவை அல்ல. மாதந்தோறும் அளந்து பார்க்கவும் மருந்தைக் கூட்டிக் குறைக்கவும் பாதத்தில் புண் இருக்கிறதா எனக் குனிந்து பார்க்கவும் ஒருவர் வேண்டும். அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டுமா?

இக்கேள்வி மலேசியாவுக்குப் புதிதன்று. முன்பு தோட்டங்களில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும் வெட்டுக்காயத்திற்குக் கட்டுப் போட்டதும் ‘டிரெசர்’தான். அவர் வழிவந்த மருத்துவ உதவியாளர்களுக்கு 1977இல் தனிப் பதிவுச் சட்டமே இயற்றப்பட்டது.

சுதந்திரத்தை ஒட்டித் தொடங்கிய கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் இன்னும் நெருங்கி வந்தது. ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு மருத்துவிச்சி. அவர் தங்கும் வீடும் மருந்தகமும் ஒரே கட்டடம். நள்ளிரவில் வலி கண்டாலும் கதவைத் தட்டலாம். உண்மையில், அந்த வீடுதான் திட்டத்தின் உயிர். பின்னர் அவை ‘கிளினிக் டேசா’க்களாக வளர்ந்தன. அங்குள்ள சமூகத் தாதியர் தாய்சேய் நலத்தையே முதன்மைப் பணியாகக் கொண்டனர்.

இன்று ஊர் முதுமையடைகிறது. தாதியின் பணியும் அதற்கேற்ப விரிய வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற மருத்துவரும் 1965இல் இத்தகைய உயர்பயிற்சியைத் தொடங்கினர். நோயாளியைச் சோதித்துச் சிகிச்சை அளிக்கும் தாதியர் அதன்வழி உருவாயினர்.

தாதியிடம் இவ்வளவு பொறுப்பை ஒப்படைப்பது ஆபத்து என்பார் உண்டு. பயிற்சி குறைந்தால் ஆபத்துதான். ஆனால், பேருந்தைத் தவறவிட்ட பாட்டி அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என வீடு திரும்புவதும் ஆபத்தே.

கடினமானது பயிற்சியன்று, பயிற்சி பெற்றவரை ஊரில் தங்க வைப்பதுதான். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல். பாலத்தைக் கடந்தால் கூடுதல் சம்பளம் கிடைக்கும்போது, கடமையுணர்வை மட்டும் காட்டித் தாதியரைத் தடுப்பது நியாயமன்று. குடியிருக்க நல்ல வீடும் சிற்றூர்ப் பணிக்குத் தனிப்படியும் ஊரைவிட்டுப் போகாமலேயே பெறக்கூடிய பதவி உயர்வும் வேண்டும். சுகாதார அமைச்சு அந்த வீட்டிலிருந்தே மீண்டும் தொடங்கலாம்.