கடைப் பெயரும் ஒரு சொத்துத்தான்

வாப்பா மௌத்தாகிச் சில மாதங்களில் பிள்ளைகள் கடையைப் பங்கு வைக்க உட்காருகிறார்கள். சரக்கை எண்ணுகிறார்கள். அலுமாரிக்கும் தராசுக்கும் விலை போடுகிறார்கள். கடன் கொப்பியைக் கூட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் சுமுகமாக முடிகிறது. பிறகு மூத்தவர் பழைய இடத்திலும் இளையவர் எதிர்ப்பக்கத்திலும் ஒரே பெயர்ப் பலகையைத் தொங்க விடுகிறார்கள். அன்றுதான் சண்டை ஆரம்பிக்கிறது. அந்தப் பெயரில் உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் பங்கு உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

பெயர் ஒரு பொருளா? வெறும் வார்த்தைதானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

பொருள் என்றால் என்ன என்பது பழைய கேள்வி. நமது இல்முல் கலாம் அறிஞர்களும் இதனை விவாதித்துள்ளனர். இன்னும் உண்டாகாத ஒன்றையும் 'ஷைஉ', அதாவது பொருள் என்று சொல்லலாம் என்றனர் முஃதஸிலாக்கள். இருப்பது மட்டுமே பொருள் என்றனர் அஷ்அரிகள். கடைப் பெயர் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. அது இருக்கிறது, வாடிக்கையாளர் அதைத் தேடி வருகிறார். ஆனால் கையில் பிடிபடாது.

கையில் பிடிபடாதது சொத்தாகுமா? கி.பி. 2ம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமச் சட்ட அறிஞர் கையுஸ், பொருட்களை இரண்டாகப் பிரித்தார். நிலம், துணி, பொன் ஆகியவை தொடக்கூடியவை. வாரிசுரிமை, கடனுரிமை போன்றவை தொட முடியாதவை. நமது நாட்டின் ரோமன் டச்சுச் சட்டம் இந்த மரபில் வந்ததே. 1900ல் அமுலுக்கு வந்த ஜேர்மன் சிவில் சட்டமோ தொடக்கூடியதை மட்டுமே 'பொருள்' என்று அழைக்கிறது. ஏனையவற்றை உரிமைகள் என்று தனியே காக்கிறது.

மார்க்கச் சட்டத்திலும் இந்தக் கருத்து வேறுபாடு உண்டு. ஆரம்பகால ஹனபி அறிஞர்களிடம், சேமித்து வைக்கக் கூடியதே 'மால்'. ஷாபிஈ மத்ஹபில் ஒரு பொருளின் பயனும் மால்தான். ஒருவர் பிறருடைய வீட்டைப் பறித்து ஒரு வருடம் குடியிருந்தால், ஹனபிகளின் அடிப்படை விதிப்படி வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஷாபிஈ மத்ஹபில் அந்த வருடத்துக்கான வாடகையையும் கொடுக்க வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் மத்ஹபு இதுவே என்பதை மறக்கக் கூடாது.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, வர்த்தகப் பெயர், வியாபாரக் குறி, நூலுரிமை, கண்டுபிடிப்பு ஆகியவை பணப் பெறுமதியுள்ள உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது.

இங்கேதான் நமக்குச் சோதனை வருகிறது. நம்முடைய கடைப் பெயரை இன்னொருவர் எடுத்தால் கொதிக்கிறோம். ஆனால் பிரபல கம்பனியின் முத்திரை குத்திய போலிச் சப்பாத்தையும் கள்ள சீடியையும் கூச்சமில்லாமல் விற்றவர்கள் நம் மத்தியில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். "நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பது பதிலாகாது. சப்பாத்தின் தோலுக்குக் காசு கொடுத்தீர்கள். அதிலுள்ள பெயருக்குக் கொடுக்கவில்லை. 2003ம் ஆண்டின் 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழும் இது தண்டனைக்குரிய குற்றம்.

எனவே வியாபாரிகள் மூன்று விடயங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, கடைப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்ததோடு நின்றுவிட வேண்டாம். வியாபாரக் குறியைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். அது பத்து வருடங்களுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். இரண்டாவது, கூட்டு வியாபாரம் தொடங்கும்போதே பெயர் யாருக்குரியது, பிரிந்தால் யார் பாவிப்பது என்று எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, வாரிசுப் பங்கீட்டின்போது பெயருக்கும் ஒரு விலை போட வேண்டும். பெயரை வைத்துக்கொள்பவர் மற்ற வாரிசுகளுக்கு அவரவர் பங்கைக் கொடுக்கட்டும். கணக்கில் சந்தேகம் இருந்தால் ஆலிம் ஒருவரையும் சட்டத்தரணி ஒருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

தராசில் நிறுக்க முடியாது என்பதற்காக ஒரு ஹக்கு இல்லாமல் போய்விடாது. மறுமையில் அதற்கும் கணக்கு உண்டு.