ஏலத்தில் தோற்கலாம்... கணக்கில் தோற்கக் கூடாது!

கேள்வி: “அய்யா, எனக்கு நாலு ஏக்கர் நிலம். ஒவ்வொரு பட்டத்துக்கும் வாடகை டிராக்டருக்காகக் காத்துக் கிடக்கிறேன். தவணை கட்டாததால் ஃபைனான்ஸ் கம்பெனி பிடித்துவைத்த 39 ஹெச்.பி டிராக்டர் ஒன்று ஆன்லைன் ஏலத்துக்கு வருகிறது. ஆரம்ப விலை 1,60,000 ரூபாய். ஆடு விற்ற பணமும் சேமிப்புமாக 2,60,000 ரூபாய் இருக்கிறது. வீட்டுக்காரம்மா நகையை அடகு வைத்தால் இன்னும் 80,000 கிடைக்கும். போட்டோவில் வண்டி நன்றாகத்தான் தெரிகிறது. ‘கடைசி நிமிஷத்தில் சட்டென்று கேட்டால் நமக்குத்தான் விழும்’ என்கிறான் மகன். எவ்வளவு வரை கேட்கலாம்?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: நண்பரே, ‘எவ்வளவு வரை’ என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரியான கேள்வி. இதை ஏலத்துக்கு முன்னால் கேட்காமல் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பவர் டில்லரை ஆன்லைன் ஏலத்தில் கேட்டேன். ‘60,000-க்கு மேல் போகக் கூடாது’ என்று மனசுக்குள் நினைத்திருந்தேன். எதிரில் யாரோ ஒருவர் ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டே இருந்தார். ஆள் யாரென்று தெரியாது, முகமும் தெரியாது. ஆனாலும், அவரிடம் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. 78,000-க்கு எனக்கு விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால் கியர் பாக்ஸ் போயிருந்தது. அதற்கு 22,000 செலவு. அந்தக் காசுக்குப் பக்கத்து ஊரிலேயே ஓட்டிப் பார்த்து நல்ல டில்லர் வாங்கியிருக்கலாம்.

முதலில் யார்டுக்குப் போங்கள்

ஏல அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்’ என்று ஒரு வரி இருக்கும். வாங்கிய பிறகு என்ன கோளாறு தெரிந்தாலும் கம்பெனியைக் கேட்க முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். எனவே, போட்டோவை நம்ப வேண்டாம். பார்வையிட அனுமதித்திருக்கும் நாளில், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போங்கள். அவருக்கு ஒருநாள் கூலி கொடுத்தாலும் அது வீண் செலவில்லை.

ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். அனுமதித்தால் புகையின் நிறத்தைக் கவனியுங்கள். ஹைட்ராலிக் தூக்குகிறதா, பி.டி.ஓ சுற்றுகிறதா, கிளட்ச் பிடிக்கிறதா, ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்ய விடவில்லை என்றால், இன்ஜின் வேலை இருக்கிறது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் வண்டியிலிருந்தே குறித்து வந்து, பரிவாகன் இணையதளத்தில் இருக்கும் விவரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஆர்.சி புக் பற்றியும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பெனி பிடித்த வண்டியென்றால், படிவம் 36 மூலம் ஆர்.சி-யைத் தன் பெயருக்கு மாற்றி, பிறகு 29, 30 ஆகிய படிவங்கள் மூலம் உங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அரசுத் துறை ஏலத்தில் எடுக்கும் வண்டிக்குப் படிவம் 32. வண்டியை எடுத்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

ஆரம்ப விலையிலிருந்து மேலே எண்ணாதீர்கள். அதே மாடல், அதே வருஷத்து வண்டி, நல்ல ஓட்டத்தில் உங்கள் பக்கம் என்ன விலைக்குப் போகிறது என்பதிலிருந்து கீழே வாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய பழைய வண்டி விலையை யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உதாரணத்துக்கு, நல்ல வண்டியின் விலை 3,60,000 என்று வைத்துக்கொள்வோம். செலவுகளை எழுதுங்கள்.

பின் டயர் இரண்டு - 40,000
பேட்டரி - 6,000
ரிப்பேர் - 35,000
லாரி வாடகை - 8,000
பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் - 9,000
ஏலக் கட்டணம், யார்டு வாடகை - 7,000
கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்குக் கைகாவல் - 25,000

மொத்தம் 1,30,000. ஆக, அந்த வண்டிக்கு 2,30,000-க்கு மேல் ஏலம் கேட்பது நஷ்டம். ஏலத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி தனியாக உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதையும் கழியுங்கள்.

இது வண்டியின் கணக்கு. அடுத்தது உங்கள் பையின் கணக்கு. கையில் இருப்பது 2,60,000. அதில் 1,30,000 செலவுக்குப் போனால் மீதி 1,30,000. டயரை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொன்னால் 1,70,000. இரண்டு கணக்கில் எது குறைவோ, அதுதான் உங்கள் எல்லை. 5,000 ரூபாய் ஏற்றமென்றால் 1,60,000, 1,65,000, 1,70,000 என்று மூன்று முறை கேட்கலாம். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

நகையை வைத்தால் 2,30,000 வரை போகலாமே என்று தோன்றும். அந்த 80,000-ஐயும் வட்டியையும் எந்த வருமானத்தில் திருப்புவீர்கள்? பக்கத்துக் காட்டு உழவு உறுதியாகக் கிடைக்குமா? இதை இன்றைக்கே அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கடிகாரம் ஓடும்போது எடுக்கிற முடிவு இல்லை இது.

கடைசி நிமிஷ தந்திரம் பலிக்காது

மகன் சொல்வது எல்லா ஏலத்திலும் நடக்காது. பெரும்பாலான ஏலத் தளங்களில், கடைசி சில நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். சில தளங்களில் அது 5 நிமிஷம். மறுபடி ஒருவர் கேட்டால் மறுபடியும் நீளும். எனவே, தந்திரத்தை நம்பாமல் எல்லையை நம்புங்கள். அந்தத் தொகையை ஒரு தாளில் பெரிதாக எழுதி மேஜை மேல் வையுங்கள். மகன் போனில் கேட்கட்டும், தாளை அம்மா பிடித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அங்கே கேட்பவர்களில் பழைய வண்டி வியாபாரிகளும் இருப்பார்கள். சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவருக்கு ரிப்பேர் செலவு உங்களைவிடக் குறைவு. அவர் உங்கள் எல்லையைத் தாண்டிப் போனால் அது உங்களுக்குத் தோல்வியில்லை. அவரே நிறுத்திய இடத்துக்கு மேல் நீங்கள் ஏறுகிறீர்கள் என்றால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று பயப்பட வேண்டும்.

கேட்ட தொகையைத் திரும்பப் பெற முடியாது. ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாவிட்டால் முன்வைப்புத் தொகை போய்விடும். பூஜ்ஜியத்தைக் கூடுதலாக அழுத்திவிட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு. தொகையை வாய்விட்டுப் படித்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் உட்காருங்கள்.

முன்வைப்புத் தொகையை, அறிவிப்பில் உள்ள நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். அதற்கு முன் கிளைக்கு நேரில் போய், இந்த வண்டி உண்மையிலேயே ஏலத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ‘ஜிபே பண்ணுங்க, வண்டியை முடிச்சுத் தர்றேன்’ என்று தனி ஆள் யாராவது போன் செய்தால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

இந்த வண்டி கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். வேறு வண்டி ஏலத்துக்கு வரும். அதுவரை உழவன் செயலி மூலம் வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு முன்பதிவு செய்து பாருங்கள்.

யார்டுக்குப் போகும்போது அங்கே வரிசையாக நிற்கும் டிராக்டர்களை ஒரு நிமிஷம் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு விவசாயி பூஜை போட்டு, பொட்டு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. மழை பொய்த்திருக்கலாம், விலை கிடைக்காமல் போயிருக்கலாம், தாங்காத தவணையில் வாங்கியிருக்கலாம். அந்த வண்டியை ஏலத்தில் வாங்குவதில் தப்பில்லை. அது உங்கள் வீட்டிலிருந்தும் இன்னொரு யார்டுக்குப் போகாத விலைக்கு வாங்குங்கள். வண்டி வந்தால் எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள்.