வீட்டுக்குள் தனிப்பந்தி ஏன்?

சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1925-இல் பெரியார் கிளர்ச்சி செய்தார். 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேறியது. ஆனால் நம் வீட்டுப் பொங்கல் விருந்தில் நடப்பதென்ன? கோழி கூவுமுன் அடுப்படியில் நின்ற பெண்கள், ஆண்கள் உண்டு ஏப்பம் விட்டபின் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்கள். இது தனிப்பந்தி அல்லாமல் வேறென்ன?

வரும் பொங்கலுக்கு 20 பேர் விருந்தென்றால், முதல்நாள் மாலையே ஆண்கள் காய் நறுக்கட்டும், தேங்காய் துருவட்டும். பொங்கல், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் போதாதா? எல்லாவற்றையும் கூடத்தின் நடுவில் வைத்து, ஆணும் பெண்ணும் ஒன்றாய் உட்கார்ந்து அவரவரே பரிமாறிக்கொள்ளுங்கள். விருந்தாளிக்கு மரியாதைக் குறைவு என்பீர்களோ? சமைத்தவளைப் பட்டினி போட்டு வாங்கும் மரியாதை சுயமரியாதைக்காரனுக்கு எதற்கு?