வளர்ந்தால் எவ்வளவு?

கடல்நீர்த் தொட்டியில் கை தேர்ந்த வாடிக்கையாளர் என்றாவது ஒருநாள் இப்படிக் கேட்பார்: "க்ளவுன், டாம்சல் எல்லாம் போதும். பெரிசா, யார் வீட்லயும் இல்லாத மாதிரி ஒண்ணு குடுங்க." நல்ல வியாபாரம் நடக்கிற நேரம் அது. நம் தொழிலில் தவறான மீன் கைமாறுவதும் அப்போதுதான்.

கடைக்காரர் கை பெரும்பாலும் இரண்டு மீன்களைக் காட்டும். ஒன்று, வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த பாந்தர் குரூப்பர். நம் மீனவர்கள் களவா என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றது, சிவப்புப் பட்டை போட்ட எம்பரர் ஸ்னாப்பர். இரண்டும் விரல் நீளக் குஞ்சாக வந்து இறங்கும். களவா 70 செ.மீ. வரை வளரும், ஸ்னாப்பர் ஒரு மீட்டரையும் தாண்டும், வளர வளர அதன் பட்டையும் மங்கும். எந்த அழகுக்காக வாங்கினாரோ அது போய், இடத்தை அடைக்கும் உடம்பு மட்டும் மிஞ்சும்.

தொட்டியைப் பெரிதாக்கினால் போயிற்று என்பார்கள். 60 செ.மீ. உயரத்துக்குக் கடல்நீர் நின்றால், தொட்டி அமர்ந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் பாரம் இறங்கும். கண்ணாடியும் பாறையும் தனி. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு ஐஎஸ் 875 தரநிலை எடுத்துக்கொள்வதோ, அறை முழுக்கப் பரவிய சுமையாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மாடி வீட்டில் ஆயிரம் லிட்டரைத் தொடுமுன் கட்டடப் பொறியாளரிடம் கேட்டாக வேண்டும். தொட்டிக்கு எல்லை உண்டு; அந்த எல்லைக்குள் தான் மீனைத் தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது நீளத்தை மட்டும் அளப்பது போதாது. மீன் எப்படி வாழ்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 40 செ.மீ. வரை வளரும் எம்பரர் ஏஞ்சல் பகலெல்லாம் பவளத்திட்டில் மேய்ந்து திரியும். அதைவிட நீளமான அஞ்சாலையோ பகலின் பெரும்பகுதியைப் பொந்துக்குள் தலையை மட்டும் நீட்டியபடி கழித்துவிடும். யார் வீட்டிலும் இல்லாத பெரிய மீன் கேட்பவருக்கு முதலில் காட்ட வேண்டியது ஸ்னோஃபிளேக் அஞ்சாலையை. பெரும்பாலும் 60, 70 செ.மீ. அளவில் நிற்கும். பல் மழுங்கலானது, நண்டு, இறால் ஓட்டை நொறுக்குவதற்கானது. ஆகவே ஓரளவு பெரிய மீன்களோடு பொதுவாக ஒத்துப்போகும். ஆனால் அதே தொட்டியில் இறாலும் நண்டும் கூடாது.

அஞ்சாலையின் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று முன்னால் பாய்ந்து இரையை உள்ளே இழுப்பதை 2007இல் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் காட்டினார்கள். நீருக்கு வெளியே தலையை நீட்டி இரையைப் பிடித்து, நீருக்குத் திரும்பாமலே ஸ்னோஃபிளேக் விழுங்குவதை 2021இல் மேத்தா குழுவினர் பதிவு செய்தார்கள். நமக்கு இதில் பாடம் உண்டு: இந்த மீனுக்கு நீர்மட்டம் எல்லை ஆகாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். குழாயும் வயரும் போகும் சந்துகளையும் அடைக்க வேண்டும். உடம்பு முழுக்க நுழையும் பிவிசி குழாயைப் பாறைக்கு அடியில் வையுங்கள். பாறையை மணல்மேல் அடுக்காமல் தொட்டியின் தரையில் பதியுங்கள். இல்லாவிட்டால் அது குடைந்து சரித்துவிடும். செதில் இல்லாத உடம்பு என்பதால் செம்பு கலந்த மருந்தில் எச்சரிக்கை தேவை. கண் மந்தம், மோப்பம் கூர்மை. விரலையும் இரையையும் பிரித்தறியாது. உணவை நீண்ட இடுக்கியால் கொடுக்கச் சொல்லுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை போதும்.

வளர்ந்து மிஞ்சிய மீனைக் கடலில் விடுவது வழியல்ல. சிங்க மீன் 1985இல் புளோரிடா கடலோரத்தில் முதலில் பதிவானது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. இன்று மேற்கு அட்லாண்டிக், கரீபியன் திட்டுகளில் உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. மன்னார் வளைகுடா நமக்கு அருகில் இருக்கிறது. அயல் மீன் எதுவும் நம் கைவழியாக அங்கே போகக் கூடாது.

கடைக்காரர்களுக்கு இந்த இதழின் கோரிக்கை ஒன்றே. விலைச்சீட்டில் மூன்று வரி சேருங்கள்: வளர்ந்த அளவு, உணவு, குறைந்தபட்சத் தொட்டி. வாங்குபவரின் தொட்டி மூன்றாவது வரிக்குக் குறைவாக இருந்தால், எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்த மீனைக் கொடுக்காதீர்கள்.