ரெக்கார்டு சுழற்றுகிறவரும் வித்வானா?

ஆலைத் தொழிலாளியான ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் நாற்பது வருஷம் தவில் வாசித்தவர். சென்ற திருவிழாவில் ஊர்க் கமிட்டியார் மேளத்தை நிறுத்திவிட்டு ‘டி.ஜே. செட்’ வைத்தார்களாம். மேடையில் ஒரு பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றான். பெட்டியில் இருந்த பொத்தான்களை அமுக்கினான். ஜனங்கள் விடிய விடிய ஆடினார்கள். முழு மேளத்துக்கும் கொடுத்து வந்ததைவிட அதிகமான பணத்தை அந்தப் பையன் வாங்கிக்கொண்டு போனான். “விரலுக்குக் கூடு மாட்டி, தோள் வீங்க வீங்க வாசிக்கிறவனும் பொத்தானை அமுக்குகிறவனும் ஒன்றா? இதற்கு நம் பத்திரிகை பதில் சொல்ல வேண்டும்” என்று கேட்கிறார் தோழர்.

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவசரப்பட்டுப் பதில் சொல்ல நமக்கு விருப்பமில்லை. சங்கீத சபைகளில் முன்வரிசையில் உட்காருகிற கனவான்கள் இதற்கு ஒரே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: “இதெல்லாம் சங்கீதமா? வெறும் கூச்சல்!” என்பார்கள். பறை அடிக்கிற உழைப்பாளியைப் பார்த்தும் இவர்கள் இதையேதான் சொன்னார்கள். அதனாலேயே அந்தத் தீர்ப்பைக் கேட்டால் நமக்குச் சந்தேகம் வருகிறது.

முதலில் இந்த வித்தை எங்கே பிறந்தது, யார் கையில் பிறந்தது என்று பார்ப்போம்.

ஜமைக்காத் தீவில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைகள், லாரியில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு வந்து தெருவிலே ரெக்கார்டு போட்டு ஆடுவது வழக்கம். நம் ஊர்க் கல்யாணங்களில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட மைக்செட்காரருக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகரத்தில் 1955ல் பிறந்த கிளைவ் கேம்ப்பெல், 1967ல் குடும்பத்தோடு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடியேறினார். பின்னால் கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவர் இவர்தான்.

பிராங்ஸ் அப்போது எப்படி இருந்தது? 1948லிருந்து அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய மோட்டார் சாலை போட்டார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளிக் குடும்பங்கள் வீடிழந்தன. 1970களில் வீட்டுக்காரர்கள் பலர், வாடகையைவிட இன்சூரன்ஸ் பணம் லாபம் என்று கணக்குப் போட்டு, தங்கள் கட்டிடங்களுக்கே ஆள் வைத்துத் தீ வைத்தார்கள். 1975ல் நகராட்சி கடனில் மூழ்கியபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் பிடிலும் டிரம்பெட்டும் கற்றுக் கொடுத்த வகுப்புகள் பலவும் அதோடு போயின. வாத்தியம் வாங்கக் காசில்லை, கற்றுக் கொடுக்க ஆளில்லை. வீட்டில் இருந்தது பெற்றோர் வாங்கி வைத்த பழைய ரெக்கார்டுகள். அதையே வாத்தியமாக்கினார்கள் அந்தப் பிள்ளைகள்.

1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் கூல் ஹெர்க் ரெக்கார்டு போட்டார். ஏற்பாடு செய்தது அவருடைய தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும், அதற்காகத்தான். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம்.

ஆடுகிறவர்களைக் கவனித்த ஹெர்க் ஒன்றைக் கண்டுகொண்டார். பாட்டுக்காரர் வாயை மூடி, மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து, டிரம் மட்டும் தனியாகப் பேசுகிற சில விநாடிகள் வருமல்லவா? அந்த இடத்துக்காகத்தான் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு நிமிர்ந்து உட்காருகிற மாதிரி. அந்தத் துண்டு பத்து விநாடியில் முடிந்துவிடும். ஹெர்க் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்தார். ஒன்றில் துண்டு முடிகிறபோது மற்றதில் அதே துண்டைத் தொடங்கினார். பத்து விநாடி பத்து நிமிஷமாயிற்று.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். ரெக்கார்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. பத்து விநாடித் துண்டு என்றால் சுமார் ஐந்தரைச் சுற்று. ஒரு தட்டு கூட்டத்துக்குப் பாடிக்கொண்டிருக்கும்போதே, மற்றத் தட்டை அதே ஐந்தரைச் சுற்று பின்னுக்குச் சுழற்றி, ஊசியைத் துண்டின் முதல் அடியிலே நிறுத்தி, ஹெட்போனில் ஒரு காதால் அதைக் கேட்டு, இன்னொரு காதால் கூடத்தைக் கேட்டு, அடி தப்பாமல் கையை விட வேண்டும். அரைக்கால் விநாடி பிசகினால் ஆடுகிறவனின் கால் தடுமாறும். மில்லில் ஓடுகிற கதிரை நிறுத்தாமல் அறுந்த இழையை ஒட்டுகிற தொழிலாளிக்கு இது என்ன வேலை என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

ஹெர்க் இதைக் கண்ணளவில் செய்தார். சில சமயம் பிசகும். கணக்காகச் செய்தவர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் என்று பெயர் பெற்ற ஜோசப் சாட்லர். பார்படாஸ் தீவில் 1958ல் பிறந்து பிராங்ஸில் வளர்ந்தவர். தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். (அந்தப் பள்ளிக்கு சாமுவேல் கோம்பர்ஸ் என்ற அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவரின் பெயர். கோம்பர்ஸோடு நமக்குத் தகராறு உண்டு. அது வேறு சமயம்.) பிளாஷ் ரெக்கார்டின் மேல் கிரேயான் கட்டியால் கோடு போட்டு, அது எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணி, துண்டின் தலையை இருட்டிலும் பிடித்தார். கை வைத்தால் தட்டு வழுக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, தட்டுக்கு அடியில் வைத்தார். தாயார் தையல் வேலை செய்தவர். துணியின் குணம் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தியோடர் என்ற இன்னொரு சிறுவன், அறையில் சத்தம் அதிகம் என்று தாய் வந்து அதட்டியபோது தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினான். ஊசிக்கடியில் தட்டு முன்னும் பின்னும் அசைந்து கிளம்பிய ஓசையைக் கேட்டான். அந்த அதட்டலில் பிறந்ததுதான் ‘ஸ்கிராட்ச்’ என்ற வித்தை. அவன் அதை மாதக்கணக்கில் சாதகம் செய்தான்.

1981ல் பிளாஷ் வெளியிட்ட ஏழு நிமிஷ ரெக்கார்டு ஒன்று, பல பாட்டுகளின் துண்டுகளைப் பிளேயர்களில் கையாலேயே கோத்துச் செய்தது. 2011ல் லண்டன் நகரத்து ‘பிராம்ஸ்’ விழாவில், முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவே ஒரு டி.ஜே. இரண்டு தட்டுகளோடு நின்று வாசித்தார். அந்த உருப்படியை எழுதியவர் சோவியத் நாட்டின் மகா இசைமேதை புரோகோபியெவின் பேரன் கேப்ரியல். ஆகவே இது வாத்தியமாகாது என்று சொல்ல நம்மால் முடியாது. கையும் காதும் காலக்கணக்கும் வருஷக்கணக்கில் பழக வேண்டிய தொழில் எதுவோ அது வித்தைதான்.

அப்படியானால் இரண்டும் சமமா? இங்கே தோழருக்கு ஒரு விஷயத்தை விட்டுக் கொடுக்கிறோம். நாதஸ்வரக்காரர் மூச்சிலிருந்து நாதத்தை உண்டாக்குகிறார். சீவாளி ஈரம் காய்ந்தால் ஸ்ருதி போகும்; உதடு தளர்ந்தால் ஸ்வரம் போகும். அன்றைக்கு அவர் மனசில் எழுகிற ராகம் உலகத்தில் அதற்கு முன் இல்லாதது. டி.ஜே. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தட்டில் ஏற்கெனவே பதிந்த ஓசையை வெட்டலாம், திருப்பலாம், நசுக்கலாம், ஒட்டலாம். ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு நாதத்தை எழுப்ப அவரால் ஆகாது. வித்தையின் ஆழத்தில் தவிலுக்கு ஒரு படி கீழேதான் இதை வைப்போம். ஒரு படிதான், தெருவுக்குத் தள்ள மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு ஓர் அடி வித்தியாசப்பட்டாலும் அரை நிமிஷத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதைக் காதால் கேட்டுச் சரிப்படுத்துவதுதான் பழைய டி.ஜே.யின் பாலபாடம். இன்றைய பெட்டியில் ‘சிங்க்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் யந்திரமே வேகத்தை ஒட்டிவிடுகிறது. முன்கூட்டியே கோத்து வைத்த பாட்டை ஓடவிட்டுக் கையை ஆட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, கூட்டம் எப்போது களைக்கிறது என்று அறிவதும் ஒரு சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தவிலோடு சேர்த்துப் பேசுவது அக்கிரமம். திருவிழாவுக்கு வந்த பையன் இதில் எந்த ரகம் என்று கடிதத்திலிருந்து நமக்குத் தெரியவில்லை.

இத்தனையும் வித்தையைப் பற்றியது. தோழர் கேட்டதில் கூலியைப் பற்றிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதுதான் பெரிது.

பிராங்ஸ் பிள்ளைகள் திருப்பித் திருப்பிச் சுழற்றிய துண்டுகளை முதலில் வாசித்தவர் யார்? அமெரிக்காவில் சட்டனூகா என்ற தொழில் நகரத்தில் 1943ல் பிறந்தவர் கிளைட் ஸ்டபில்பீல்டு. ஆலைச் சத்தமும் ரயில் சத்தமும் கேட்டு வளர்ந்து, அந்தத் தாளத்தையே டிரம்மில் வாசிக்கப் பழகிய கறுப்புத் தொழிலாளி. ஜேம்ஸ் பிரௌன் குழுவில் 1969 நவம்பரில் அவர் வாசித்து, 1970ல் ‘பங்கி டிரம்மர்’ என்று வெளிவந்த பாட்டில் சில விநாடிகள் தனியாக அடித்தார். அந்தச் சில விநாடிகளை வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான ரெக்கார்டுகளில் ஒட்டினார்கள். பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லை. ஆகவே அவற்றின் உரிமைப் பணத்தில் அவருக்குப் பங்கும் இல்லை. 2017ல் இறந்தார். இன்னொருவர் கிரிகரி கோல்மன். 1969ல் அவர் வாசித்த ஆறேழு விநாடித் துண்டு உலகத்திலேயே அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட துண்டுகளில் ஒன்று. 2006ல் அட்லாண்டா நகரில் வீடு வாசல் இல்லாமல் செத்தார். இவர்கள் இப்படிப் போக, 2014ல் கால்வின் ஹாரிஸ் என்ற ஒரே டி.ஜே.யின் ஒரு வருஷ வருமானம் 6 கோடியே 60 லட்சம் டாலர் என்று போர்ப்ஸ் என்ற முதலாளிகள் பத்திரிகையே கணக்குப் போட்டது. தட்டுக்குள் பதிந்து கிடப்பது ஒரு தொழிலாளியின் நேற்றைய உழைப்பு. அதைச் சுழற்றுகிறவர் பெரிய வித்வானாகவே இருக்கட்டும். உள்ளே இருப்பவருக்குக் கூலி எங்கே?

இந்தக் கேள்வியை டி.ஜே. என்ற பெயரே பரவாத காலத்தில் ஒரு சங்கம் கேட்டது. 1927ல் பேசும் படம் வந்ததும் அமெரிக்கத் தியேட்டர்களில் வாசித்த பல்லாயிரம் வாத்தியக்காரர்கள் சில வருஷங்களில் தெருவுக்கு வந்தார்கள். ரேடியோவும் ஓட்டல்களும் ரெக்கார்டு போட்டே காலந்தள்ளின. வாத்தியக்காரர் தாமே வாசித்த தட்டால் தம் வேலையை இழந்தார். வாத்தியக்காரர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1லிருந்து எந்த உறுப்பினரும் ரெக்கார்டுக்கு வாசிக்கக் கூடாது என்று நிறுத்தினார். கம்பெனிகள் பாட்டுக்காரர்களை மட்டும் கூட்டி, வாத்தியத்துக்குப் பதில் கோஷ்டியாகப் பாடவைத்துப் பார்த்தன. பத்திரிகைகள் தேசத் துரோகி என்று அலறின. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தந்தி அடித்தார். சங்கம் அசையவில்லை. 1943ல் டெக்கா கம்பெனியும், 1944 நவம்பரில் விக்டரும் கொலம்பியாவும் பணிந்தன. விற்கிற ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு சொற்பத் தொகையைச் சங்க நிதிக்குக் கட்ட ஒப்பின. அந்த நிதியிலிருந்து வேலையில்லாத வாத்தியக்காரருக்குச் சம்பளம் கொடுத்து, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தினார்கள். ரெக்கார்டை உடைக்கச் சொன்னவர்கள் இல்லை அவர்கள். ரெக்கார்டு தரும் லாபத்தில் பங்கு கேட்டார்கள்.

ஆகவே தோழருக்கு நாம் சொல்வது இது. அந்தப் பையனைத் திட்டாதீர்கள். செட் பெரும்பாலும் வாடகையாக இருக்கும்; ராத்திரி முழுவதும் நின்று, விடிந்ததும் ஸ்பீக்கரைச் சுமந்து வண்டியில் ஏற்றுகிறவனும் உழைப்பாளிதான். கமிட்டியாரிடம் கணக்குக் கேளுங்கள். வசூலான பணத்தில் பந்தலுக்கும் பட்டாசுக்கும் எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று ஊர்க் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சாமி புறப்பாட்டுக்கு மேளம், ராத்திரி ஆட்டத்துக்கு டி.ஜே. என்று இரண்டுக்கும் இடம் வைக்கத் தடை ஒன்றுமில்லை. மேளக்காரர்களும் தனித்தனியாகக் கூலி பேசாமல், சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சேர்ந்து ஒரே கூலி பேசினால் என்ன?

இதைத் தகப்பனாருக்குப் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம். தவிலுக்கு ஒரு படி கீழே என்று நாம் எழுதியதை அவர் ஒப்புகிறாரா, இல்லை இரண்டு படி என்கிறாரா? எழுதி அனுப்பினால் வெளியிடுவோம்.