விலை ஏறினால் ஹலால், இறங்கினால் ஹராமா?

1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது, அமெரிக்காவின் ஜான் டெம்பிள்டன் ஒரு டாலருக்கு மேற்படாத விலையில் கிடந்த 104 நிறுவனங்களின் பங்குகளை வாங்கினார். ஊரே அஞ்சி ஒதுங்கியபோது வாங்கிய துணிவை முதலீட்டு உலகம் இன்றும் போற்றுகிறது. அவர் கடன் பெற்று வாங்கியது நமக்கு முன்மாதிரி அன்று. ஆயினும், மலிந்த விலையில் நல்ல சரக்கை வாங்குவதற்கு மார்க்கத்தில் தடையேதும் இல்லை. தடை வருவது, நாம் ஆராயாமல் பின்பற்றும் 'ஹலால் பங்குப் பட்டியல்'களிலிருந்துதான்.

மது, சூது, வட்டித் தொழில் ஆகியவற்றில் ஈடுபடும் நிறுவனங்களை இப்பட்டியல்கள் முதலில் நீக்குகின்றன. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அடுத்து வட்டிக் கடனின் அளவு பார்க்கப்படுகிறது. அது நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது பஹ்ரைனிலுள்ள ஆயோஃபி அமைப்பின் 21ஆம் ஷரீஆ விதி. டவ் ஜோன்ஸ் இஸ்லாமியக் குறியீடு, 24 மாதச் சராசரிச் சந்தை மதிப்பில் 33 விழுக்காட்டை எல்லையாக்குகிறது.

சந்தை மதிப்பு என்பது என்ன? பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிய தொகை. ஒரு நிறுவனத்தின் வட்டிக் கடன் 300 கோடி ரூபாய், சந்தை மதிப்பு 1,200 கோடி என்று கொள்வோம். விகிதம் 25 விழுக்காடு, எனவே ஹலால். சந்தையில் பீதி பரவி விலை பாதியாகிறது. கடன் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. விகிதமோ 50 விழுக்காடு! மாறாக, பேராசையால் மதிப்பு 3,000 கோடியாக உயர்ந்தால், கடனை 600 கோடியாக இரட்டித்தாலும் விகிதம் 20தான். வட்டியில் மேலும் மூழ்கிய நிறுவனம் தூய்மையானதாகிவிடுகிறது!

இன்றைய உண்மை மதிப்பைக் காட்டுவது சந்தையே, கணக்கேட்டிலுள்ளது பழைய விலை என்று இம்முறையை ஆதரிப்போர் வாதிடுவர். நாம் கேட்பதோ நிறுவனம் வட்டியில் எவ்வளவு சிக்கியுள்ளது என்பதை. கூட்டம் அதை எவ்வளவு விரும்புகிறது என்பதை அன்று. சராசரி காண்பது இக்குறையைத் தணிக்குமேயன்றித் தீர்க்காது.

மூன்றில் ஒரு பங்கு என்னும் எல்லைக்கு, சஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் மரண சாசனம் பற்றிய நபிமொழியைச் சான்று காட்டுவர். அது ஒருவர் கையிலிருந்த செல்வத்தைப் பற்றியது. பிறர் அதற்குக் கேட்கும் விலையைப் பற்றியதன்று.

மாற்று வழியும் நடைமுறையில் உண்டு. மலேசியப் பங்கு ஆணையமும் எம்எஸ்சிஐ இஸ்லாமியக் குறியீடும் கடனை மொத்தச் சொத்துடன் ஒப்பிடுகின்றன. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த அளவுகோல் ஆடுவதில்லை.

சகோதரர்களே, 2020 மார்ச்சைப் போன்ற வீழ்ச்சியில், பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது என்பதற்காக அடிமட்ட விலைக்கு விற்பவர், குடும்பத்தின் சேமிப்பை இழக்கிறார். அதே பங்கைப் பொறுமையுள்ள வேறொருவர் அள்ளிக்கொள்கிறார். விற்குமுன் ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள். கூடியது கடனா, குறைந்தது விலையா? கடன் கூடியிருந்தால் தயங்காமல் வெளியேறுங்கள். விலை மட்டுமே குறைந்திருந்தால், அந்தக் கணக்கை மார்க்க அறிஞர்களின் முன்வைத்துத் தீர்ப்புக் கேளுங்கள். ஹலாலையும் ஹராமையும் வகுக்கும் உரிமை அல்லாஹ்வுக்கு உரியது. அதைப் பங்குச் சந்தையின் கையில் ஒப்படைக்காதீர்கள்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.