வரி 5 சதவீதம்தான், ஆனால் விலை? கனடாவின் வடகோடி தரும் பாடம்

வரியைக் குறைத்தால் சாமான் விலை தானாக இறங்கிவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். தேர்தல் மேடைகளிலும் இதைத்தான் கேட்கிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைக் கனடாவின் வடகோடியை வைத்துப் பார்க்கலாம்.

2010ஆம் ஆண்டு அங்குள்ள இனுவிக் என்ற சிறு நகருக்கு ஒரு பள்ளிவாசல் வந்து சேர்ந்தது. வின்னிபெக் நகரில் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம், லொறியிலும் படகிலுமாகச் சுமார் 4,000 கிலோமீற்றர் பயணம் செய்து வந்தது. அந்த இடத்திலேயே கட்டுவதை விட இது மலிவாக இருந்தது. அந்தப் பகுதியில் தூரம்தான் செலவைத் தீர்மானிக்கிறது.

ஆனால் விற்பனை வரி அங்கே மிகக் குறைவு. கனடாவின் மத்திய அரசு 1991இல் பொருட்கள், சேவைகள் வரியை 7 சதவீதமாக அறிமுகப்படுத்தியது. 2006இல் அது 6 ஆகவும் 2008இல் 5 ஆகவும் இறங்கியது. பெரும்பாலான மாகாணங்கள் இதற்கு மேல் தமது வரியையும் சேர்க்கின்றன. உதாரணமாக ஒன்டாரியோவில் மொத்தம் 13 சதவீதம். யூக்கோன், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட் ஆகிய மூன்று வட பிரதேசங்களும் எதையும் சேர்ப்பதில்லை. பொருள் எங்கே கையளிக்கப்படுகிறதோ அந்த இடத்தின் வீதமே பொருந்தும். ஆகவே ஒன்டாரியோ வியாபாரி நுனாவுட்டுக்கு அனுப்பும் பொருளுக்கும் 5 சதவீதமே அறவிடப்படும்.

இருந்தும் நுனாவுட்டில் உணவு விலை தெற்கை விட மிகவும் ஏறிக் கிடக்கிறது. அங்குள்ள 25 ஊர்களில் எதற்கும் வெளியூருடன் வீதித் தொடர்பு இல்லை. பாரமான சாமான்கள் பனிக்கட்டி உருகும் கோடையில் மட்டும் கப்பலில் வரும். பாலும் மரக்கறியும் விமானத்தில் வர வேண்டும்.

இங்கேதான் வரிச் சட்டத்தின் ஒரு நுணுக்கம் முக்கியமாகிறது. பால், பாண், மரக்கறி, இறைச்சி போன்ற அடிப்படை உணவுகளுக்குக் கனடாவில் வரி 'பூச்சிய வீதம்'. இது 'வரிவிலக்கு' என்பதிலிருந்து வேறுபட்டது. கடைக்காரர் பாலைக் கொண்டுவர 100 டொலர் விமானக் கூலியும் அதற்கு 5 டொலர் வரியும் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூச்சிய வீதம் என்றால் அந்த 5 டொலரை அவர் அரசிடமிருந்து மீளப் பெறலாம். வரிவிலக்கு என்றால் மீளப் பெற முடியாது. அது பாலின் விலைக்குள் மறைந்து வாங்குபவர் தலையில் விழும். பற்றுச்சீட்டில் வரி என்று ஒரு வரி கூட இருக்காது.

ஆனாலும் சட்டம் மட்டும் போதவில்லை. 2011 முதல் கனடா அரசு வடபகுதிக்கு அனுப்பப்படும் உணவுக்குக் கிலோ கணக்கில் மானியம் கொடுக்கிறது. அது கடைக்காரர்களுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் போகிறது. அவர்கள் அதை விலையில் கழிக்க வேண்டும். அந்த மானியம் முழுமையாக மக்களைச் சென்றடைகிறதா என்பதை உரிய திணைக்களம் சரிபார்க்கவில்லை என்று 2014இல் அந்நாட்டுக் கணக்காய்வாளர் நாயகம் சுட்டிக்காட்டினார். இன்னொரு வழியும் அங்கே உண்டு. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு, அவர்கள் செலுத்தும் விற்பனை வரியை ஈடுசெய்ய, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரடியாகப் பணம் கொடுக்கப்படுகிறது. இதில் இடையில் கடைக்காரர் இல்லை.

நமது நாட்டில் 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். இதுவும் கனடாவின் வரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கே பூச்சிய வீதம் பெரும்பாலும் ஏற்றுமதிக்கே கிடைக்கிறது. உள்ளூரில் நாம் வாங்கும் பொருளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வரிவிலக்குத்தான். ஆகவே ஒரு பொருளுக்கு வற் நீக்கப்பட்டது என்று செய்தி வந்தால் அதோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் பொருளைக் கொண்டுவந்த லொறியின் எரிபொருளுக்கும், பொதி செய்த உறைக்கும் கட்டிய வரி எங்கே போனது? சலுகை கடைத் தட்டு வரை வந்ததா, அதை யார் சரிபார்க்கிறார்கள்? அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், இந்த இரண்டு கேள்விகளையும் நம் பிரதிநிதிகளிடம் கேட்போம்.